பார்த்துக்கிட்டு இருக்க ஒரு ஆள்

வாங்கம்மா, வாங்க. செருப்பு கால்லயே இருக்கட்டும், பரவால்ல. அந்தச் சேர் வேண்டாம், இதுல உக்காருங்க. இதுல உக்காந்தாத்தான் உள்ரூம் தெரியும். கட்டில் தெரியுதா? தெரியுதுல்ல, அது போதும். கதவப் பாத்துப் பயப்படாதீங்க, அது தானா சாத்திக்கிற கதவு. அதான் செங்கல முட்டுக் குடுத்து வச்சிருக்கேன்.

பெல்ல அந்த அடி அடிச்சதுல பதறிட்டீங்க போல. எங்க அத்தைக்கு ஒண்ணும் ஆகல. தூக்கிவிடவும் உங்களக் கூப்பிடல, பிரட்டிவிடவும் கூப்பிடல. அதெல்லாம் நானே பாத்துக்கிடுவேன், எனக்குப் பழக்கம். எதுத்த எதுத்த வீட்டுல இருக்கோம், உங்க பேரு அனுராதான்னு கதவுல இருக்குற போர்டப் பாத்துத்தான் எனக்கே தெரியும். என் பேரு செண்பகவல்லி. கோவில்பட்டிக்குப் பக்கத்துல கிராமம்.

ஒரு உதவி கேக்கத்தான் கூப்பிட்டேன். நீங்க வீட்டுல இருந்துதான கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறீங்க? அந்த வேலைய இங்க வந்து, இந்தச் சேர்ல உக்காந்து பாருங்க. காப்பி தாரேன், சாப்பாடு தாரேன். அப்பப்பத் தலையத் தூக்கி அந்த ரூமுக்குள்ள ஒரு பார்வை பாத்தாப் போதும். அத்தையப் பாக்க வேண்டாம். என்னப் பாக்கணும்.

சிரிக்கிறீங்க. சிரிக்கத்தான் செய்வீங்க. நான் பைத்தியம் இல்லம்மா. இன்னும் ஆகல. கொஞ்சம் கேளுங்க, கேட்டுட்டுப் போங்க.

எங்க அத்தைக்கு வாதம் அடிச்சு இடது பக்கம் விழுந்துருச்சு. பேச்சும் பாதி போச்சு. ஒரு சொல்லு, ரெண்டு சொல்லு வரும், அதுவும் கொழகொழன்னு. ஊர்ல இருக்குறப்பவே விழுந்துட்டாக. எங்க வீட்டுக்காரரப் பெத்த தாயி, அவுக ஒரே பிள்ள. கூடப் பிறந்தவுக யாரும் கெடையாது. ஆக, எல்லாம் நாந்தான். அள்ளிப் போடுறது, தொடைக்கிறது, ஊட்டுறது, குளிப்பாட்டுறது, எல்லாம்.

எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. யாராச்சும் படுக்கையில விழுந்துட்டா தெருவே வந்து பாக்கும். பாக்குறதுன்னா உங்க ஊர் மாதிரி ஆப்பிளக் குடுத்துட்டு ‘டேக் கேர்’னு சொல்லிட்டுப் போறது இல்ல. பொம்பளைக நேரா உள்ள வருவாளுக. யாரும் அனுமதி கேக்க மாட்டாக. வந்ததும் மொதல்ல மூக்கு. நாத்தம் அடிக்குதான்னு மோந்து பாப்பாளுக. அப்புறம் தலையத் தொட்டு எண்ணெ வச்சிருக்கான்னு பாப்பாளுக. கடைசியா, ‘கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுங்க’ன்னு ரெண்டு பேரு சேந்து பிரட்டி, சேலைய விலக்கி முதுகப் பாப்பாளுக. முதுகுலதான எல்லாம் இருக்கு? ஒரே பக்கமாப் போட்டு வச்சிருந்தா முதுகுல புண்ணு வந்துரும்ல. முதுகப் பாத்தா மருமக எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சுரும்.

மேலத்தெருவுல ஒருத்தி இருந்தா, மாரியப்பன் பொண்டாட்டி. அவ மாமியா முதுகுல புண்ணு வந்துருச்சு. வெள்ளத்தாய் மயினிதான் மொதல்ல பாத்தது. எங்க பக்கத்து வீடு. அது பாத்துட்டு வாயத் தொறந்து ஒரு சொல்லு சொல்லல, சேலைய இழுத்து மூடிட்டு வந்துருச்சு. ஆனா பொழுது விழறதுக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சு போச்சு. அப்புறம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில மாரியப்பன் பொண்டாட்டி வந்து உக்காந்தா பாருங்க, பக்கத்து எலை காலியாவே கெடந்துச்சு. ஒருத்தியும் உக்காரல. நானும்தான் உக்காரல. வேற வரிசைக்குப் போயிட்டேன். எப்படி உக்கார்றது? பெத்த தாய் மாதிரி பாக்க வேண்டிய மனுசிய அப்படி விட்டவ பக்கத்துல எப்படிச் சோறு எறங்கும், சொல்லுங்க?

எங்க அத்தை முதுகு எப்படி இருந்துச்சு தெரியுமா? சின்னப்பிள்ள முதுகு கணக்கா இருந்துச்சு. பவுடர் போட்டு, வேட்டித் துணி விரிச்சு, பொழுதன்னைக்கும் மாத்தி மாத்திப் படுக்கவச்சு, ஒரு செவப்பு விழ விட்டதில்ல. வெள்ளத்தாய் மயினி வெளியூர்ல இருந்து சொந்தக்காரி யாரு வந்தாலும் கூட்டிட்டு வந்து காட்டும். ‘மருமகன்னா இவதாண்டி மருமக. செண்பகத்தக் கும்புட்டுக்கோங்க’ன்னு சொல்லும். நான் அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். பொய் சொல்லக் கூடாது, கேக்க நல்லாத்தான் இருக்கும். கறி சாப்பிட்டாக்கூட அந்த ருசி வராது.

அத்தை நல்லவுகளான்னு கேப்பீங்க. நல்லவுகதான். கொடுமக்காரி இல்ல. சும்மா, உப்பு கூடிப்போச்சு, புளி கூடிப்போச்சுன்னு சொல்றதெல்லாம் எந்த வீட்டுலதான் இல்ல? அதுக்கெல்லாம் மனசுல வச்சுக்கிட்டுப் பழி தீக்குற ஆளு நான் இல்லம்மா. அப்படி ஏதாச்சும் இருந்தாலாவது இதுதான் காரணம்னு சொல்லலாம். தேடித் தேடிப் பாத்துட்டேன். ஒண்ணும் கெடைக்கல.

எங்க வீட்டுக்காரருக்கு மெட்ராசுக்கு மாத்தல் ஆச்சு. இங்க வந்தோம். மூணாவது மாடி. ஆம்புலன்சுல கொண்டாந்து, லிப்டுல ஸ்ட்ரெச்சர் நுழையாம, சேர்ல உக்காரவச்சு ஏத்திக்கிட்டு வந்தோம். அன்னைக்கு நீங்க உங்க கதவத் தொறந்து பாத்தீங்க. ஞாபகம் இருக்கா? பாத்துட்டு டக்குனு சாத்திட்டீங்க. குத்தமாச் சொல்லல. அடுத்த வீட்டு விஷயத்துல தலையிடக் கூடாதுன்னு உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருப்பாக. அது ஒரு மரியாதைதான்.

ஆனா எனக்கு அந்தக் கதவு சாத்துற சத்தம் புதுசு.

ஊர்ல கதவே சாத்துறதில்ல. இங்க தொறந்தா அது தானா வந்து மூடிக்கிடுது. செங்கல வச்சேன். பிளாட் செக்ரட்டரி வந்து ‘ஆன்ட்டி, டெட்டால் வாசம் காரிடார்ல வருது, கம்ப்ளெயின்ட் பண்றாங்க’ன்னு சொல்லிட்டுப் போனாரு. உள்ள எப்படி இருக்காகன்னு எட்டிப் பாக்கல. நான் சொல்லிப் பாத்தேன், ‘உள்ள வாங்க, எங்க அத்தையப் பாருங்க’ன்னு. ‘பரவால்ல ஆன்ட்டி, டிஸ்டர்ப் பண்ணல’ன்னுட்டாரு. காலையில எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போனா ராத்திரிதான் வருவாக. அதுவரைக்கும் நானும் அத்தையும் மேல சுத்துற ஃபேனும். ஒரு குருவி வராது.

மொத தடவ எப்படி ஆச்சுன்னு சொல்றேன். கஞ்சி குடுத்துக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் துணி மாத்தி, சுத்தமா வெள்ளைத் துணி விரிச்சிருந்தேன். ஒரு வாய் கஞ்சிய அப்படியே துப்பிட்டாக. என் மேலயும், துணி மேலயும். ஊர்லயும் துப்புவாக. அப்பல்லாம் என்ன செய்வேன்னா, சிரிப்பேன். ‘என்னத்தே, இன்னைக்கும் உப்பு பத்தலையா?’ன்னு கேப்பேன். வெள்ளத்தாய் மயினி விழுந்து விழுந்து சிரிக்கும். அத்தைக்கும் அந்தக் கோணவாய்ல ஒரு சிரிப்பு வரும். தொடைச்சுவிட்டு மறுபடி ஊட்டுவேன்.

இங்கயும் அதேதான் சொன்னேன். ‘என்னத்தே, உப்பு பத்தலையா?’ன்னு சொல்லிட்டு, பழக்கதோசத்துல திரும்பிப் பாத்தேன். யாரு சிரிக்கிறான்னு பாக்கத் திரும்புவோம்ல, அப்படித் திரும்பினேன். யாருமில்ல. வெறும் சோபாதான் இருந்துச்சு.

அவ்வளவுதாம்மா. அந்த வெறும் சோபாவப் பாத்துட்டுத் திரும்புனேன், கை பட்டுருச்சு.

பட்டுருச்சுன்னா... பட்டுருச்சு. வேணும்னு இல்ல. அதாவது, கை போச்சு, பட்டுச்சு. அத்தை என்ன அப்படியே பாத்தாக. நான் ஓடிப்போய் அடுப்படியில நின்னுக்கிட்டேன். கையப் பாத்தேன். இந்தக் கைதான. இந்தக் கையத்தான் ஊரே கும்புட்டுச்சு. தண்ணியில நீட்டிக் கழுவுனேன். அப்புறம் போய் அத்தை கால்ல விழுந்து அழுதேன். அவுக அந்த நல்ல கையால என் தலையத் தடவுனாக. சரி, இதோட முடிஞ்சுருச்சுன்னு நெனச்சேன். முடியல.

எந்திரிக்காதீங்க. தயவுசெஞ்சு எந்திரிக்காதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நீங்க இங்க உக்காந்து இருக்குற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். யாராச்சும் பாத்தா நான் நல்லவ. நெசமாவே நல்லவ. நடிப்பு இல்ல. கேஸ் சிலிண்டர் போட வர்ற பையன் வந்து நிக்கிறான்னு வைங்க, என் கை தானாவே பதனமாப் போகும். அவன் போய்க் கதவு சாத்துனதும், கை வேற கையாயிரும். எனக்கே என்னப் பாத்தாப் பயமா இருக்கு.

எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். இப்படி ஆச்சுன்னு சொல்லல, எப்படிச் சொல்றது? ‘எனக்கு முடியல, ஒரு மாதிரியா வருது’ன்னு சொன்னேன். ‘நர்ஸ் ஒருத்தி போடுவமா’ன்னு கேட்டாக. நாந்தான் வேண்டாம்னுட்டேன். பின்ன என்ன? செண்பகம் ஆள் வச்சு மாமியாவப் பாக்குறாளாம்னு ஊருக்குள்ள போச்சுன்னா எம்புட்டுக் கேவலம்? இத்தன வருசம் எடுத்த பேரு என்னத்துக்கு ஆகும்? நானும் அத்தையும் மட்டும் ஊருக்குப் போயிர்றோம்னு கேட்டுப் பாத்தேன். ‘புருசன் வெரட்டிவிட்டுட்டான்னு பேசுவாக’ன்னு அவுக சொன்னாக. அதுவும் சரிதான். நாலு பேரு நாலு விதமாப் பேசுவாகல்ல.

அப்புறம் எனக்கே ஒரு யோசனை தோணுச்சு. கேமரா. நம்ம கேட்டுல, லிப்டுலல்லாம் இருக்குல்ல, அது மாதிரி. ‘நான் கடைக்குப் போறப்ப அத்தைய யாரு பாக்குறது, நீங்க ஆபீஸ்ல இருந்து போன்ல பாத்துக்கிடலாம்ல’ன்னு சொன்னேன். மறுநாளே வாங்கிட்டு வந்து பீரோ மேல வச்சாக. அந்தா இருக்கு பாருங்க, உருண்டையா. நீலமா ஒரு லைட்டு எரியும்.

அந்த லைட்டு எரிஞ்ச நாளெல்லாம், சத்தியமாச் சொல்றேன், நம்ம வீடு கோவில் மாதிரி இருந்துச்சும்மா. காலையில குளிச்சுட்டுத்தான் அந்த ரூமுக்குள்ளயே போவேன். அத்தைக்குத் தலை சீவி, திருநீறு வச்சு, பாட்டுப் போட்டு விடுவேன். துப்புனா சிரிப்பேன். பேலப் பேல மாத்துவேன். ஒரு தடவ கூட கை போகல. அத்தைக்கு மொகமே தெளிஞ்சுருச்சு. ‘செம்பா’ன்னு கூப்பிட ஆரம்பிச்சாக. அம்புட்டு நாளா அந்தச் சொல்லு வாயில வராம இருந்துச்சு.

நானும் அப்பப்பப் பீரோவப் பாத்து லேசாச் சேலைய இழுத்துவிட்டுக்கிடுவேன். ஆபீஸ்ல இருந்து அவுக பாப்பாகல்ல.

ஒரு நா ராத்திரி சாப்பிடும்போது கேட்டாக, ‘அம்மாவுக்கு இன்னைக்கு என்ன குடுத்த?’ன்னு. ‘ஏன், பாக்கலையா?’ன்னேன். ‘எதுல?’ங்குறாக. ‘போன்ல’ன்னேன். சிரிக்கிறாக. ‘அட, அதுவா! போட்ட அன்னைக்கே பாஸ்வேர்டு மறந்துட்டேன், செம்பா. ஒரு நா கூடப் பாக்கல. உன்ன விட்டுட்டு நான் கேமராவையா நம்பப் போறேன்?’

எப்படி இருக்கும், சொல்லுங்க. ரசத்த அப்படியே தட்டோட மூஞ்சியில ஊத்தணும் போல இருந்துச்சு. ஏமாத்திட்டாகம்மா. என்ன நல்லா ஏமாத்திட்டாக. அத்தன நாளும் யாருக்காக அப்படி இருந்தேன்? செவுத்துக்கா? பீரோவுக்கா? ஒருத்தரும் பாக்காமயே விடிய விடிய எந்திரிச்சு, மூஞ்சி சுளிக்காம, சிரிச்சு சிரிச்சு... எல்லாம் வீணு. சுத்த வீணு. ‘உன்ன நம்புறேன்’னு சொன்னாகளே, அத விடப் பெரிய பாவம் எனக்கு ஒருத்தரும் பண்ணல. நம்பி என்னத் தனியா விட்டுட்டாக.

மறுநாளு கஞ்சி குடுக்கும்போது லைட்டு நீலமா எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான் அதப் பாத்தேன். அப்புறம் அத்தையப் பாத்தேன்.

விடுங்க.

சாமி பாக்கும்ங்குறீங்களா? நானும் நெனச்சேன். எங்க கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் படத்தத்தான அத்தை தலமாட்டுல மாட்டியிருக்கேன், எம் பேரே அந்தத் தாயி பேருதான். பாக்குது. பாக்காமயா இருக்கு? ஆனா அது வெள்ளத்தாய் மயினி மாதிரி தெருவுல போய்ச் சொல்லாதுல்லம்மா. எல்லாத்தையும் பாத்துட்டு வாய மூடிக்கிட்டு இருக்கு. அதுக்கு நான் என்ன செய்ய?

அப்பத்தான் கால்ல விழாத குறையா ஊருக்குப் போன் போட்டேன். ‘மயினி, அத்தைக்கு உங்கள எல்லாம் பாக்கணும் போல இருக்காம், வந்துட்டுப் போங்க’ன்னு. அத்தை ஒண்ணும் சொல்லல, நாந்தான் சொன்னேன். எனக்கு வேணும்ல ஒரு ஆளு. மயினி வந்தா விடாது, பிரட்டிப் பாக்கும், கண்டுபிடிச்சுரும். கண்டுபிடிச்சா வைய்யும். வஞ்சா எனக்குப் புத்தி வரும். ஊரெல்லாம் சொல்லும், சொல்லட்டும். மாரியப்பன் பொண்டாட்டி மாதிரி பந்தியில தனியா உக்கார்றேன். அதுவாச்சும் நடந்தாத்தான் இந்தக் கை நிக்கும்னு நெனச்சேன். போன வெச்சதும் பயத்துல, வர வேண்டாம்னு சொல்ல மறுபடி எடுத்தேன். ஆனாலும் வரட்டும்னுதான் இருந்தேன்.

நேத்து வந்தாக. மயினியும் இன்னும் ரெண்டு பேரும். வேன் புடிச்சு மாங்காடு கோவிலுக்கு வந்த கூட்டம், அப்படியே இங்கயும் வந்துச்சு. கருப்பட்டி, சேவு, மாவடு எல்லாம் கொண்டாந்தாக. அத்தை கையப் புடிச்சுக்கிட்டு மயினி ஒரு பாட்டம் அழுதுச்சு. நான் இந்தச் செவுத்தோரமா நின்னுக்கிட்டு இருந்தேன். இப்பப் பிரட்டும், இப்பப் பிரட்டும்னு.

‘ஏ, கொஞ்சம் புடிங்கடி’ன்னு சொல்லி ரெண்டு பேரும் பிரட்டுனாளுக. மயினி சேலைய விலக்கி முதுகப் பாத்துச்சு. கையால தடவிப் பாத்துச்சு. இடுப்பு, பின்பக்கம், குதிகாலு எல்லாம் பாத்துச்சு. அப்புறம் திரும்பி என்னப் பாத்துச்சு. கண்ணுல தண்ணி. ‘மெட்ராசுக்கு வந்து மாறியிருப்பன்னு நெனச்சேன் செண்பகம். அப்படியே வச்சிருக்கியேடி. நீ மனுசி இல்ல, தெய்வம்’னு சொல்லி என் ரெண்டு கையையும் எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டுச்சு.

முதுக மட்டுந்தாம்மா பாத்தாக.

அத்தைக்கிட்டயும் கேட்டுச்சு மயினி, ‘என்னத்தே, மருமக நல்லாப் பாக்குறாளா?’ன்னு. இவுகளாவது சொல்லட்டும், சொல்லித் தொலையட்டும்னு நிக்கிறேன். அத்தை என்னப் பாத்தாக. ரொம்ப நேரம் பாத்தாக. அப்புறம் வாயக் கோணிக்கிட்டு, ‘தங்கம்’னு சொன்னாக.

எல்லாரும் ஒரு சேர அழுதாளுக. எனக்கு ஒரு சேலை எடுத்துட்டு வந்திருந்தாக. பச்சை, அரக்கு பார்டர். நல்ல சேலைதான். உடுத்திக்காட்டச் சொன்னாக, உடுத்திக் காட்டுனேன். அவுக கூடச் சிரிச்சுக்கிட்டு போட்டோவும் எடுத்தேன். போகும்போது மயினி சொல்லுச்சு, ‘இனிமே ஒன்னப் பத்திக் கவலையே இல்ல. நாங்க வந்து பாக்க வேண்டிய அவசியமே இல்ல’ன்னு.

அவுக லிப்டுல எறங்குனதும் நான் போய் அத்தைகிட்டக் கேட்டேன். ‘ஏத்தே சொல்லல? சொல்லியிருக்க வேண்டியதுதான? மயினி உங்கள இப்பவே ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருக்கும்ல’ன்னு உலுக்கிக் கேட்டேன். விட்டத்தையே பாத்துக்கிட்டு இருந்தாக. மறுபடி மறுபடி கேட்டேன். ரொம்பக் கஷ்டப்பட்டு ஒரு சொல்லு வந்துச்சு. ‘போயிருவ’ன்னாக. 

நான் போயிருவேனாம். சொன்னா நான் கோவிச்சுக்கிட்டு விட்டுட்டுப் போயிருவேனாம். அப்புறம் அவுகளுக்கு யாரு இருக்கா? அதுக்குப் பயந்துதான் தங்கம்னு சொன்னாக. பாசத்துல சொல்லலம்மா, பயத்துல சொன்னாக. அந்தப் பயத்த நாந்தான குடுத்தேன்?

நேத்துல இருந்து தூங்கல. இனிமே யாரும் வர மாட்டாக. புருசன் நம்புறாக. ஊரு கும்புடுது. அத்தை சொல்ல மாட்டாக. சாமி சொல்லாது. என்னத் தடுக்க இந்த ஒலகத்துல ஒரு ஆள் கெடையாது. யோசிச்சுப் பாருங்க, எப்பேர்ப்பட்ட பயம் அது. காலையில இருந்து இந்த ரூம் வாசப்படியத் தாண்டி உள்ள போகாம நின்னுக்கிட்டு இருக்கேன். கஞ்சி ஆறிப்போச்சு. துணி மாத்தணும். அத்தை ‘செம்பா, செம்பா’ங்குறாக. என்னால போக முடியல. அதான் உங்க பெல்ல அந்த அடி அடிச்சேன்.

என்ன சொல்றீங்க? மனசாட்சியா? எனக்கு மனசாட்சி இருக்கு, அதனாலதான் இப்படித் தவிக்கிறேன், நானே சரியாயிருவேன்னா? நல்லாச் சொன்னீங்க. இருக்கும்மா. நான் இல்லேன்னு சொல்லல. ஒவ்வொரு தடவையும் அது பாத்துக்கிட்டுத்தான் இருக்கு. வேண்டாம் வேண்டாம்னு கத்துது. ஆனா அதுக்குக் கை கெடையாதே! வந்து என் கையப் புடிக்காதே! உங்களுக்கு ரெண்டு கை இருக்கு. நீங்க புடிக்கலாம்.

‘உங்க வீட்டு விஷயம்’னு சொல்லாதீங்க. அந்த ஒரு சொல்ல மட்டும் சொல்லிராதீங்க.

போன் அடிக்குதா? எடுங்க. மீட்டிங்கா? போகணுமா? சரி... சரிம்மா, போங்க. வேலை இருக்கத்தான் செய்யும். செருப்பு கால்லதான இருக்கு. செங்கலத் தட்டிறாமப் பாத்துப் போங்க.

எங்கம்மா போறீங்க? வாசல் அந்தப் பக்கம். அது உள்ரூமு...

சரி. போங்க. நீங்க முன்னாடி போங்க. நான் இங்கன நிக்கிறேன். அத்தே, எதுத்த வீட்டுப் பிள்ள உங்களப் பாக்க வந்திருக்கு. பயப்படாதீங்க, நல்ல பிள்ள.

பிரட்டவா போறீங்க? வேண்டாம்மா. முதுகு நல்லாத்தான் இருக்கும். முதுகுல ஒண்ணும் இருக்காது. அந்த இடது கையத் தூக்குங்க. விழுந்துபோன கைதான், நீங்கதான் தூக்கணும், அதுவா வராது. இன்னும் மேல. அக்குளுக்குக் கீழ, உள்பக்கமாப் பாருங்க. அந்தப் பக்கம் உணர்ச்சி இருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு, அதனாலதான் அங்க... அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா கிள்ளும்போது அவுக கண்ணுல தண்ணி வருதும்மா.

பாத்துட்டீங்களா?

ஏன் பேசாம நிக்கிறீங்க? என்னத் திரும்பிப் பாருங்க. ஏதாச்சும் சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்கம்மா, இந்த மாடி முழுக்கக் கேக்கட்டும்.